பல்லாவரம் கல்லும் பழவேற்காட்டுத் தண்ணீரும்

சென்னை ஜார்ஜ் கோட்டைக்குள் இருக்கும் புனித மரியாள் தேவாலயத்துக்கு வருகிறவர்கள் கல்லறைக் கற்களைப் பார்ப்பார்கள், ராபர்ட் கிளைவ் 1753இல் மணமுடித்த இடம் எது என்று கேட்பார்கள், பளிங்குச் சிலைகளைச் சுற்றி வருவார்கள். மரமூடி போட்ட கருங்கல் தொட்டி ஒன்று அங்கே நிற்பதைப் பலரும் கவனிப்பதில்லை. அது ஞானஸ்நானத் தொட்டி. கல் பல்லாவரத்துக் கல். கோட்டை மதிலுக்கும் சாலை ஜல்லிக்கும் போன அதே கல். கிழக்கிந்தியக் கம்பெனிக்காரர்கள் கப்பலில் கொண்டுவந்து இறக்கிய பொருள்களுக்கு அளவே இல்லை. ஆனால் தங்கள் பிள்ளைகளைக் கிறிஸ்தவர்களாக்கும் தொட்டிக்கு மட்டும் உள்ளூர்ப் பாறையை வெட்டியிருக்கிறார்கள்.

அது வசதிக்காகச் செய்த காரியமாகவே இருக்கலாம். ஆனாலும் தொட்டி கல்லாக இருந்தாக வேண்டும் என்பது அவர்கள் விருப்பத்துக்கு விட்ட விஷயம் அல்ல. 1604இல் இங்கிலாந்துத் திருச்சபை நடைமுறைக்குக் கொண்டுவந்த சட்டத் தொகுப்பின் 81ஆம் விதி, ஞானஸ்நானம் நடக்கிற ஒவ்வொரு கோவிலிலும் கல்தொட்டி இருக்க வேண்டும், அதுவும் பழைய வழக்கமான இடத்திலேயே இருக்க வேண்டும் என்கிறது. பழைய இடம் என்றால் வாசற்பக்கம். சபைக்குள் நுழையும் சடங்கு, கட்டடத்துக்குள் நுழையும் இடத்தில்.

இங்கிலாந்துக் கிராமத்துக் கோவில்களில் கட்டடத்தைவிட வயதான பொருள் பல ஊர்களில் இந்தத் தொட்டிதான். சுவரை இடித்துக் கட்டினார்கள், கூரையை மாற்றினார்கள், கண்ணாடிகளை உடைத்தார்கள். தொட்டியை மட்டும் விட்டுவைத்தார்கள். 12ஆம் நூற்றாண்டில் வின்செஸ்டர் பேராலயத்துக்கும் லிங்கன் பேராலயத்துக்கும் ஹாம்ப்ஷயரின் ஈஸ்ட் மியோன் என்ற சிற்றூருக்கும் இன்றைய பெல்ஜியத்தின் தூர்னே நகரத்திலிருந்து கறுப்புச் சுண்ணாம்புக்கல் தொட்டிகள் கடல் கடந்து வந்தன. வின்செஸ்டர் தொட்டியின் பக்கங்களில் புனித நிக்கோலாவின் அற்புதங்களைச் செதுக்கியிருக்கிறார்கள். கென்ட் பகுதியின் புரூக்லண்டில் இருப்பது ஈயத் தொட்டி. அதைச் சுற்றிப் பன்னிரண்டு ராசிகளும், அவற்றின் கீழே ஒவ்வொரு மாதத்து வயல் வேலையும் வார்க்கப்பட்டிருக்கின்றன. குழந்தைக்குப் பெயரிடும் பாத்திரத்தில் அறுவடையும் களத்துமேடும் எதற்கு என்று இறையியலாளர் கேட்கலாம். குடியானவன் கேட்டிருக்க மாட்டான். வடக்கே கம்பிரியாவில் பிரைட்கெர்க் ஊர்த் தொட்டியில், செதுக்கிய கல்தச்சன் ரிச்சர்ட் என்பவன் தன் பெயரை ரூன் எழுத்தில் பொறித்து, உளியோடு தன் உருவத்தையும் ஒரு மூலையில் வைத்துவிட்டுப் போயிருக்கிறான்.

இந்தத் தொட்டிகளின் விளிம்பில் சில இடங்களில் உடைந்த இரும்புக் கொக்கிகளின் தடம் தெரியும். அதற்கொரு கதை உண்டு. இடைக்காலத்தில் ஈஸ்டர் இரவிலும் பெந்தெகொஸ்தே இரவிலும் மந்திரித்த தண்ணீரைத் தொட்டியிலேயே மாதக்கணக்கில் தேக்கி வைப்பார்கள். தொட்டிக்குள் ஈயத்தகடு பதித்திருப்பது அந்தத் தண்ணீர் கல்லில் ஊறிப் போகாமல் இருக்கத்தான். அடியில் இருக்கும் துளை தரைக்குள் இறங்கும்; புனித நீர் சாக்கடைக்குப் போகக் கூடாது, மண்ணுக்குள்தான் போக வேண்டும். ஆனால் தேங்கி நிற்கும் தண்ணீரை ஊரார் சும்மா விடவில்லை. பில்லி சூனியத்துக்கும் மாட்டு வைத்தியத்துக்கும் மொண்டுகொண்டு போனார்கள். 1236இல் கான்டர்பரி பேராயர் எட்மண்ட், எல்லாத் தொட்டிகளுக்கும் மூடி போட்டுப் பூட்ட வேண்டும் என்று உத்தரவிட்டார். பூட்டுக்காக வந்த மூடி நாளாவட்டத்தில் அலங்காரமானது. சஃபோக்கின் உஃபர்ட் கோவிலில் மரமூடி ஏறக்குறைய பதினெட்டு அடி உயரத்துக்குக் கோபுரமாக எழும்பி நிற்கிறது. 1644இல் உருவ உடைப்பாளர் வில்லியம் டௌசிங்கின் ஆட்கள் அந்த ஊருக்கு வந்தபோது, கோவில் பொறுப்பாளர்கள் இரண்டு மணிநேரம் சாவியைக் கொடுக்காமல் இழுத்தடித்தார்கள். மூடி பிழைத்தது.

எல்லா ஊரும் அப்படித் தப்பவில்லை. அதே 1644இல் தொட்டிகளை அகற்றச் சொல்லி நாடாளுமன்றம் ஆணையிட்டது; அடுத்து வந்த தூய்மைவாதிகளின் வழிபாட்டு நெறிமுறை, போப் காலத்துத் தொட்டியிருந்த இடங்களில் ஞானஸ்நானம் கொடுக்கவே கூடாது என்றது. பிரசங்க மேடைக்குப் பக்கத்தில் ஒரு கிண்ணம் போதும். அகற்றிய தொட்டிகள் மாட்டுக்குத் தண்ணீர் காட்டவும் தோட்டத்தில் பூச்செடி வைக்கவும் போயின. 1660இல் அரசன் திரும்பிய பிறகுதான் புதுத் தொட்டிகள் செதுக்கும் வேலை மறுபடி சூடு பிடித்தது.

சென்னைக் கோட்டைத் தொட்டியை இந்தப் பின்னணியில் வைத்துப் பார்க்க வேண்டும். 1678 மார்ச் 25, மரியாளுக்குத் தூது வந்த திருநாள் அன்று, ஆளுநர் ஸ்ட்ரெயின்ஷாம் மாஸ்டர் காலத்தில் அடித்தளம் போட்டார்கள். 1680 அக்டோபர் 28 அன்று அர்ச்சித்தார்கள். கம்பெனி காசு கொடுக்கவில்லை. கோட்டை ஆங்கிலேயர் சந்தா போட்டுக் கட்டிய கோவில் அது. தாய்நாட்டில் தொட்டியை உடைத்து முப்பத்தாறு வருடம்தான் ஆகியிருந்தது. அந்தத் தலைமுறை கல்தொட்டி வைப்பதைச் சாதாரணமாக நினைத்திருக்க முடியாது. அரசன் பக்கம், ஆயர்கள் பக்கம் என்று சொல்லாமல் சொல்வது அது. அதோடு, இந்தக் கரையில் தங்கிவிட்டோம் என்பதையும் சொல்வது.

தங்குவதற்கு அவர்கள் பட்ட பாடு பழவேற்காட்டிலிருந்து தொடங்குகிறது. சென்னை மூர் மார்க்கெட் வளாக நிலையத்தில் கும்மிடிப்பூண்டி ரயில் ஏறினால் மீஞ்சூர், அனுப்பம்பட்டு தாண்டிப் பொன்னேரி. அங்கே இறங்கிப் பஸ் பிடித்தால் பழவேற்காடு. ஏறக்குறைய அறுபது கிலோமீட்டர். ஆங்கிலேயர் இந்தத் தூரத்தை எதிர்த்திசையில், சுற்றி வளைத்து, இருபத்தெட்டு ஆண்டுகளில் கடந்தார்கள். 1611இல் குளோப் என்ற கப்பல் பழவேற்காட்டுக்கு வந்தபோது, விஜயநகர அரசரிடம் முன்பே உரிமை வாங்கியிருந்த டச்சுக்காரர்கள் இறங்கவிடாமல் விரட்டினார்கள். பிறகு ஒரு ஒப்பந்தத்தின் பேரில் 1621இல் டச்சுக்காரரோடு ஒட்டிக் குடியிருந்து பார்த்தார்கள், ஒத்துவரவில்லை. 1626இல் ஏரிக்கு வடக்கே ஆர்மகானில் சின்னக் கோட்டை போட்டார்கள். அங்கிருந்துதான் பிரான்சிஸ் டே 1639இல் தெற்கே வந்து மதராசப்பட்டினத்து மணல்மேட்டைப் பிடித்தார். அதன் பிறகும் நாற்பது வருடம் ஒழுங்கான கோவில் கிடையாது. 1642 முதல் கோட்டைப் பகுதியில் இருந்த பிரெஞ்சுக் கப்புச்சின் துறவி எஃப்ராய்ம் தெ நெவேர் வைத்திருந்த கத்தோலிக்கக் கோவில்தான் முந்தியது. ஆங்கிலச் சிப்பாய்களுக்குப் போர்த்துகீசிய வழி மனைவிகள் பெற்ற பிள்ளைகளுக்கு அவர் கையில் தண்ணீர் கிடைத்தது. ஆளுநர் சபைக்கு அது உறுத்தலாகவே இருந்தது.

பழவேற்காட்டில் டச்சுக்காரர்கள் 1613இல் கெல்ட்ரியா கோட்டையைக் கட்டி, 1690இல் தலைமையிடத்தை நாகப்பட்டினத்துக்கு மாற்றும்வரை தங்கள் சோழமண்டலக் கரை வணிகம் முழுவதையும் அங்கிருந்தே நடத்தினார்கள். அவர்களுடைய கல்லறைத் தோட்டம் இன்றும் தொல்லியல் துறைப் பாதுகாப்பில் இருக்கிறது; வாசலின் இருபுறமும் எலும்புக்கூட்டுச் சிலைகள் காவல் நிற்கின்றன. சாவுக்கு இவ்வளவு கல் செதுக்கியவர்கள் பிறப்புக்குக் கல் செதுக்கவில்லை. அவர்கள் கால்வின் வழி வந்த சீர்திருத்த சபையார். 1618, 1619இல் கூடிய டோர்ட் மாமன்றத்தின் ஒழுங்குப்படி ஞானஸ்நானம் பிரசங்கத்தோடு, சபை முன்னால், கிண்ணத்துத் தண்ணீரில் நடக்க வேண்டும். தனித்தொட்டி தேவையில்லை. கொழும்பு வுல்வெண்டால் தேவாலயத்தில் டச்சுக் காலத்து வெள்ளிப் பாத்திரம் ஒன்று இன்னும் பேணப்படுகிறது. கிண்ணத்தைப் பெட்டியில் வைத்து எடுத்துப் போகலாம். வியாபாரிக்கு ஏற்ற ஏற்பாடு.

ஆனால் அந்தக் கிண்ணத்தில் யாருக்கு இடம் என்ற கேள்வி டோர்ட் மாமன்றத்தையே உலுக்கியது. கிறிஸ்தவ எசமானர் வீட்டில் வளரும் புறமதத்து அடிமைப் பிள்ளைகளுக்கு ஞானஸ்நானம் கொடுக்கலாமா என்று கிழக்கிந்தியத் தீவுகளிலிருந்து கேட்டு எழுதியிருந்தார்கள். உபதேசம் கற்றுத் தெளியும் வயதுக்கு முன் கொடுக்கக் கூடாது என்று மாமன்றம் முடிவு செய்தது. கூடவே, ஞானஸ்நானம் பெற்ற அடிமைகளைப் புறமதத்தாருக்கு விற்கக் கூடாது, மற்றக் கிறிஸ்தவர்களுக்கு உள்ள உரிமை அவர்களுக்கும் வேண்டும் என்ற கருத்தும் எழுந்தது. அடுத்த சில ஆண்டுகளில் பழவேற்காடு ஜாவாவின் பத்தாவியாவுக்கு அடிமைகளை ஏற்றி அனுப்பும் துறைமுகமாயிற்று, ஆயிரக்கணக்கில் அனுப்பினார்கள். தண்ணீர் தெளித்தால் விலை குறையும் என்றால் எந்த எசமான் கிண்ணத்தை நீட்டுவான்? 1632 முதல் பத்தாண்டு பழவேற்காட்டில் போதகராக இருந்த ஆபிரகாம் ரோஜேரியஸ், பத்மநாபன் என்ற பிராமணரிடம் கேட்டுக் கேட்டு இந்துச் சமயம் பற்றிப் பெரிய நூலே எழுதினார். 1651இல் லெய்டனில் அச்சானது. பிறப்புச் சடங்கு முதல் இறப்புச் சடங்குவரை அவ்வளவு நுணுக்கமாகக் கேட்டவர் இருந்த ஊரிலிருந்துதான் அந்தக் கப்பல்களும் கிளம்பின.

ஆங்கிலேயர் கணக்கு வேறு மாதிரி ஓடியது. அவர்களுக்கு ஆள் வேண்டும். 1662இல் திருத்திய ஜெப நூலில், வயது வந்தவர்களுக்கான ஞானஸ்நான ஒழுங்கு முதன்முறையாகச் சேர்க்கப்பட்டது. குடியேற்ற நாடுகளின் சுதேசிகளுக்கும் அது பயன்படும் என்று முன்னுரையிலேயே காரணம் சொல்லியிருக்கிறார்கள். 1687 ஏப்ரலில் லண்டன் இயக்குநர்கள் மதராசுக்கு எழுதிய கடிதம் இன்னும் வெளிப்படை. சிப்பாய்கள் உள்ளூர்ப் பெண்களை மணப்பது கம்பெனியின் எதிர்காலத்துக்கு நல்லது. அப்படிப் பிறக்கும் ஒவ்வொரு குழந்தைக்கும், ஞானஸ்நானம் கொடுக்கும் நாளில் தாய்க்கு ஒரு வராகன் தரலாம் என்று யோசனை சொன்னார்கள். பிள்ளை பிறந்த நாளுக்கு அல்ல, தொட்டிக்கு வந்த நாளுக்குத்தான் காசு. கத்தோலிக்கத் துறவியிடம் போய்விடாமல் பிள்ளையைத் தங்கள் கணக்கில் சேர்த்துக்கொள்ள அதைவிடச் சுருக்கு வழி கிடையாது.

அந்த யோசனை வந்த இரண்டே வருடத்தில், 1689 ஆகஸ்ட் 19 அன்று, மேரி, எலிசபெத், கேத்தரின் என்ற மூன்று சகோதரிகள் புனித மரியாள் தேவாலயத்தில் ஞானஸ்நானம் பெற்றார்கள். தகப்பன் கம்பெனியின் வங்காளப் பொறுப்பாளர் யோப் சார்னாக். தாய் இந்தியப் பெண். அவளைச் சிதையிலிருந்து சார்னாக் மீட்டார் என்ற கதையைக் கல்கத்தாக்காரர்கள் விடாமல் சொல்வார்கள். வங்காளத்தில் முகலாயரோடு மோதித் தோற்று மதராசுக்கு வந்து ஒதுங்கியிருந்த நேரம் அது. பிள்ளைகள் கைக்குழந்தைகள் அல்ல. மறு ஆண்டு ஆகஸ்டில் சார்னாக் திரும்பிப் போய் ஹூக்ளி ஆற்றங்கரையில் இறங்கியதைத்தான் கல்கத்தாவின் தொடக்கமாக நெடுங்காலம் சொல்லிவந்தார்கள்.

கதை அங்கே முடிந்திருந்தால் ஒரு பதிவேட்டு வரியாகவே நின்றிருக்கும். மூத்தவள் மேரியை சார்லஸ் அயர் மணந்தார். சார்னாக் 1693 ஜனவரியில் இறந்தபின் கல்கத்தாவில் மாமனாருக்குக் கல்லறை மண்டபம் எழுப்பியவர் அவர்தான். கல்வெட்டுப் பலகைக்குக் கல் பல்லாவரத்திலிருந்து போனது. மேரியும் சில ஆண்டில் அதே மண்டபத்துக்குள் அடங்கினாள்; தங்கை கேத்தரினும் 1701இல். பல்லாவரம் கல் தொட்டியில் பெயர் வாங்கிய பெண்கள் பல்லாவரம் கல்லுக்கு அடியில் போய்ச் சேர்ந்தார்கள். இருநூறு ஆண்டு கழித்து, 1893இல், இந்திய நிலவியல் துறையின் தாமஸ் ஹாலண்ட் அந்தப் பலகையைப் பார்த்துப் பாறைக்கு சார்னாக்கைட் என்று பெயர் வைத்தார். பரங்கிமலையிலும் பல்லாவரத்திலும் காலங்காலமாகக் கிடந்த பாறை, கல்கத்தாவில் செத்த ஒரு வெள்ளைக்காரன் பெயரில் உலக நிலவியல் நூல்களுக்குள் போனது. பல்லாவரத்தின் பெயரை வைத்திருக்கலாம், யாரும் கேட்கவில்லை.

ஒற்றைக் கல்லில் தொட்டி குடைவது இந்தியாவில் ஆங்கிலேயர் தொடங்கிய வழக்கம் அல்ல. கேரளத்துச் சிரியக் கிறிஸ்தவர்களின் பழைய தேவாலயங்களில், எடப்பள்ளி, காஞ்ஞூர் போன்ற ஊர்களில், புடைப்புச் சிற்பம் சூழ்ந்த பெரிய கருங்கல் தொட்டிகள் உண்டு. அங்கே கோவில் கட்டிய கல்தச்சர் கைகளே அவற்றையும் கொத்தியிருக்கின்றன. தலைமுறை தலைமுறையாக நிலத்தில் ஊன்றியிருந்த சமூகம் அது. கனமான கல் வைத்துக்கொள்ள இடமும் இருந்தது, உரிமையும் இருந்தது.

தமிழ்க் கடற்கரையில் நிலைமை வேறு. 1536, 1537இல் முத்துக்குளித்துறைப் பரதவர் ஆயிரக்கணக்கில் கத்தோலிக்கராகும்போது தொட்டி எங்கே இருந்தது? கடற்கரைதான். 1544இல் பிரான்சிஸ் சவேரியார் திருவிதாங்கூர்க் கரையோர மீனவரில் ஒரே மாதத்தில் பத்தாயிரம் பேருக்கு மேல் ஞானஸ்நானம் கொடுத்ததாக எழுதினார். கொடுத்துக் கொடுத்துக் கை சோர்ந்துபோகும் என்றும் ஒரு கடிதத்தில் சொல்லியிருக்கிறார். அந்த வேகத்துக்குக் கல் தொட்டி தாங்காது. ஒரு குடம், ஒரு சிப்பி, ஒரு பெயர்ப்பட்டியல். பழவேற்காட்டிலும் ஐரோப்பியரில் போர்த்துகீசியர்தான் முதலில் வந்தவர்கள். அவர்கள் காலத்தில் வேர்விட்ட மகிமை மாதா வழிபாடு இன்றும் அந்த ஊரின் அடையாளம். ஏரியில் முறைவைத்து வலைபோடும் பாடு உரிமை உள்ள ஊர்களில் ஒன்றின் பெயரே நடூர் மாதாகுப்பம்.

கரையிலிருந்து உள்ளே போன இடங்களில் சிக்கல் தண்ணீரில் இல்லை, எச்சிலில். அன்றைய இலத்தீன் சடங்கில் குரு தன் உமிழ்நீரைத் தொட்டுக் குழந்தையின் காதிலும் மூக்கிலும் வைக்க வேண்டும். செவிடனை ஏசு குணமாக்கிய சுவிசேஷக் காட்சியின் நினைவு. தமிழ்நாட்டில் எச்சில் பட்ட பாத்திரத்தையே தனியாக வைப்பவர்கள் பிள்ளை முகத்தில் எச்சிலை விடுவார்களா? மதுரை மிஷனின் ஏசு சபையார் அந்தப் பகுதியைச் சத்தமில்லாமல் விட்டுவிட்டார்கள். 1703இல் புதுச்சேரியில் இறங்கிய போப்பின் தூதர் துர்னோன், 1704இல் விடக் கூடாது என்று ஆணையிட்டார். கப்புச்சின் துறவிகள் ஒருபக்கம், ஏசு சபையார் மறுபக்கம். 1744இல் போப் பதினான்காம் பெனடிக்ட் முடிவு சொல்லும்வரை நாற்பது ஆண்டு, உரோமைக்கும் புதுச்சேரிக்கும் இடையே காகிதம் பறந்தது. வழக்கில் வேறு பல விஷயங்களும் உண்டு, சாதி உட்பட. ஆனால் எச்சில் கேள்விதான் இன்றைக்கும் வாசகனை நிமிர்ந்து உட்கார வைக்கிறது.

புராட்டஸ்டண்டுகள் பக்கம் தமிழரின் தொடக்கம் தரங்கம்பாடி. 1706 ஜூலையில் வந்திறங்கிய சீகன்பால்கு, 1707 மே 12 அன்று டேனியரின் சீயோன் தேவாலயத்தில் முதல் ஐந்து பேருக்கு ஞானஸ்நானம் கொடுத்தார். ஐவரும் டேனிய வீடுகளில் அடிமை வேலை செய்தவர்கள். அதே ஆண்டு ஆகஸ்டில் தமிழருக்கென்று புது எருசலேம் தேவாலயத்தைத் தனியாகக் கட்டி அர்ச்சித்தார். எசமானும் அடிமையும் ஒரே தொட்டியில் என்பது மூன்று மாதக் கதைதான்.

தொட்டியே வேண்டாம் என்று சொன்ன கூட்டம் பழவேற்காட்டுக்கு வடக்கே இருந்தது. நெல்லூரிலும் ஓங்கோலிலும் வேரூன்றிய அமெரிக்க பாப்டிஸ்டுகள், விசுவாசித்தவரை முழுக்காட்ட வேண்டும், குழந்தைக்குத் தெளிப்பது செல்லாது என்பவர்கள். 1876இல் தொடங்கிய பெரும்பஞ்சத்தில் ஓங்கோல் மிஷனரி ஜான் க்ளஃப், நிவாரண வேலையாகப் பக்கிங்காம் கால்வாயில் மூன்றரை மைல் வெட்டும் ஒப்பந்தம் எடுத்தார். மீஞ்சூர், அனுப்பம்பட்டுப் பகுதிக்குக் கிழக்கே ஓடிப் பழவேற்காட்டு ஏரியோடு சேரும் அதே கால்வாய்தான். கூலிக்கு வந்தவர்களில் பெரும்பாலோர் மாதிகர் சாதியார். வேலை நேரத்தில் பிரசங்கம் நடந்தது. ஆனால் கஞ்சிக்காகச் சேர்ந்தார்கள் என்ற பேச்சு வரக் கூடாது என்று பஞ்சம் தணியும்வரை க்ளஃப் ஒருவருக்கும் ஞானஸ்நானம் கொடுக்க மறுத்தார். 1878 ஜூலை 3 அன்று குண்டலகம்மா ஆற்றில், வேலம்பள்ளியில், ஒரே நாளில் 2,222 பேர் முழுக்கப்பட்டார்கள். ஆறு போதகர்கள், ஒரே நேரத்தில் இரண்டிரண்டு பேராக ஆற்றில் நின்று, முறைமாற்றிக் கொடுத்தார்கள். அந்த ஆண்டுக் கடைசிக்குள் எண்ணிக்கை 9,606 ஆயிற்று. மாதிகர் ஊர்க் கிணற்றில் நீர் எடுக்க முடியாத காலம். ஆற்றில் யாரும் அவர்களை மறிக்கவில்லை.

கல்தொட்டியை வைத்துக்கொண்டு இந்தக் கரையின் கிறிஸ்தவத்தை எழுதப் போனால் கோட்டை, கொத்தளம், ஆளுநர் மகள் என்று கதை சுருங்கிவிடும். இங்கே நிலைத்தது கல்லைவிடக் காகிதம். 1563இல் திரெந்து சங்கம் கத்தோலிக்கப் பங்குகளுக்கு ஞானஸ்நானப் பதிவேட்டைக் கட்டாயமாக்கியது. இங்கிலாந்தில் தாமஸ் குரோம்வெல் 1538இலேயே எல்லாப் பங்குகளுக்கும் அப்படி உத்தரவு போட்டிருந்தார். கல்யாணத்துக்கு ஓலை வாசிக்க வேண்டுமென்றால் இன்றும் கத்தோலிக்கக் குடும்பம் ஞானஸ்நானச் சான்றிதழைத்தான் முதலில் தேடும். அதில் பிள்ளையின் பெயர், பெற்றோர் பெயர், ஞானத்தகப்பன், ஞானத்தாய் பெயர் எல்லாம் இருக்கும். தொட்டி கல்லா, பித்தளையா, பிளாஸ்டிக் பேசினா என்பதற்கு அதில் இடம் கிடையாது.

சபைச் சட்டமும் பாத்திரத்தைவிடத் தண்ணீரைத்தான் கேட்கிறது. உண்மையான தண்ணீராக இருந்தால் போதும். ஆறோ கடலோ, கரிப்பும் இனிப்பும் கலந்த பழவேற்காட்டு ஏரியோ செல்லும். சாகக் கிடக்கும் குழந்தைக்குக் குருதான் வேண்டும் என்பதும் இல்லை. மருத்துவச்சி கொடுக்கலாம், பக்கத்து வீட்டுக்காரி கொடுக்கலாம். சபை நினைக்கிறதைச் செய்ய வேண்டும் என்ற எண்ணத்தோடு தண்ணீரை ஊற்றி உரிய வார்த்தையைச் சொன்னால், கொடுப்பவர் கிறிஸ்தவராகக்கூட இருக்க வேண்டியதில்லை. பிள்ளை பிழைத்தால் பிறகு கோவிலுக்குக் கொண்டுவந்து எண்ணெய் பூசுவார்கள், வெள்ளைத் துணி போடுவார்கள், மெழுகுவத்தி கொடுப்பார்கள், பதிவேட்டில் எழுதுவார்கள். தண்ணீரை மட்டும் மறுபடி ஊற்ற மாட்டார்கள்.